மைல்டு ஹைப்ரிட் காரைச் சாதாரணக் காராக்கி அனுப்பாதீர்கள்: பட்டறைகளுக்கும் பேட்டரிக் கடைகளுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள், பேட்டரிக் கடைக்காரர்கள், வாடகைக் கார் ஓட்டும் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து மரப்பாலம் வரை எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "ஹைப்ரிட்னு சொல்லித்தான் குடுத்தாங்க, மைலேஜே வரலை." வண்டியைப் பார்த்தால் என்ஜின் நன்றாக இருக்கும். பெல்ட்டில் ஓடும் அந்தப் பெரிய ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கும். பானட்டைத் திறந்தால், விலை குறைவு என்று யாரோ மாட்டிய சாதாரண பேட்டரி. அதன் நெகடிவ் கம்பத்தில் ஏர் ஹாரன், எல்ஈடி விளக்கு, கேமரா என்று நாலைந்து ஒயர்கள் நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது ஹைப்ரிட்டாகத்தான் வந்தது. அதைச் சாதாரண வண்டியாக்கியது பேட்டரி மாற்றிய அன்றைக்கு நடந்த வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் பழைய கார் தரகர்களுக்கு ஒரு வார்த்தை. "இது பேட்டரியிலயே ஓடும் சார்" என்று சொல்லி விற்பதை நிறுத்துங்கள். மைல்டு ஹைப்ரிட் கார் பேட்டரியில் ஓடாது, ஓர் அடி கூட நகராது. சக்கரத்தைத் தனியாகச் சுற்றும் மோட்டார் அதில் இல்லை. கிரான்க் புல்லியோடு பெல்ட்டால் இணைந்த ஐ.எஸ்.ஜி. என்ற கருவி ஒன்றுதான் இருக்கிறது. அதுவே ஆல்டர்னேட்டர், அதுவே செல்ஃப், கியர் மாற்றி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜினுக்குத் தோள் கொடுப்பதும் அதுவே. மாருதி சியாஸ் டீசலில் 2015-இல் எஸ்.எச்.வி.எஸ். என்ற பெயரில் இந்த ஏற்பாடு வந்தது, பிறகு எர்டிகா. 2018 முதல் பெட்ரோல் சியாஸிலும் எர்டிகாவிலும் லெட் ஆசிட் பேட்டரியோடு சின்ன லித்தியம் பேட்டரி ஒன்றும் சேர்ந்தது. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிய கிராண்ட் விட்டாராவைப் பாருங்கள். ஒரே வண்டி, 2022-இல் இரண்டு வகையாகவும் வந்தது. மைல்டு ஹைப்ரிட் மேனுவலுக்கு அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், பேட்டரியில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 27.97. மின்வாகனங்களுக்கான ஃபேம் மானியத்திலிருந்து மைல்டு ஹைப்ரிட்டை 2017 ஏப்ரலில் அரசு நீக்கியதையும் சேர்த்துப் பார்த்தால், இது எந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கும்.

அப்படியென்றால் இதில் என்ன மிச்சம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆள், சாமான் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும் சக்தி சுமார் 116 கிலோஜூல். பிரேக் போட்டால் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். ஐ.எஸ்.ஜி. 2 கிலோவாட் அளவில் 8 வினாடி சார்ஜ் செய்தால் 16 கிலோஜூல் திரும்பக் கிடைக்கும். ஏழில் ஒரு பங்கு. கேட்கச் சொற்பம்தான். ஆனால் அதே 16 கிலோஜூல் மின்சாரத்தைப் பெட்ரோல் எரித்துத் தயாரிக்க என்ன செலவு என்று பாருங்கள். பெட்ரோலில் உள்ள சக்தியில் என்ஜின் எடுத்துக்கொடுப்பது கிட்டத்தட்டக் கால் பங்கு. அதிலும் ஆல்டர்னேட்டர் மின்சாரமாக்குவது மூன்றில் இரண்டு. ஆக, எரித்த பெட்ரோலில் ஆறில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த 16 கிலோஜூலுக்கு 3 மில்லி பெட்ரோல் வேண்டும். நாளுக்கு நூறு தடவை வேகம் குறைக்கிற டாக்சிக்கு 300 மில்லி.

மழைநாள் ராத்திரியில் ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து 500 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். மணிக்கு மூன்றில் ஒரு லிட்டர் அதற்கே போகிறது. வேகம் குறையும்போது ஐ.எஸ்.ஜி. பிடித்துவைத்த மின்சாரம் என்ஜினின் முதுகிலிருந்து இறக்கி வைப்பது இந்தச் சுமையைத்தான்.

அடுத்தது சிக்னலில் என்ஜின் தானாக அணைவது. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஏசி இல்லாமல் சும்மா நின்று ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். ஒரு நிமிடத்துக்கு 12 மில்லி. ராஜீவ் காந்தி சிக்னலிலும் இந்திரா காந்தி சிக்னலிலும் நிற்கிற நேரம் உங்களுக்கே தெரியும். நாளுக்கு மொத்தம் 20 நிமிடம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள், 240 மில்லி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 24 ரூபாய், வருஷத்தில் 300 நாள் ஓட்டினால் 7,200 ரூபாய். பேட்டரி வாங்கும்போது மிச்சம் பிடித்த பணத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு ஏசி ஓடாத நேரத்துக்கு. மேலே சொன்ன மைலேஜ் எண்களுக்கான சோதனையும் ஏசி இல்லாமல்தான் நடந்தது. இந்த வண்டிகளில் ஏசி கம்ப்ரஸரைச் சுற்றுவது என்ஜின் பெல்ட். என்ஜின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும். கத்திரி வெயிலில் 18 டிகிரியில் வைத்து ஃபேனை முழுதாகத் திருகினால், என்ஜின் அணையவே அணையாது, அல்லது அணைந்த சில வினாடிகளில் மறுபடி ஓடும். 25, 26-இல் வைத்து ஃபேனைக் குறைத்தால் பாதி சிக்னலாவது அணைந்திருக்கும். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் 90-இல் போகிறவருக்கும் இந்த ஏற்பாட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. நம்முடைய பழைய கடலூர் – புதுச்சேரி சாலைதான் இதற்குப் பொருத்தம்: ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊருக்கு ஊர் வேகம் குறைந்து ஏறும்.

ஓட்டுகிறவர்களிடம் இங்கே ஒரு வேண்டுகோள். ஸ்பீடு பிரேக்கரைத் தூரத்தில் கண்டதும் நியூட்ரலில் போட்டு உருட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் காலத்துக் கைப்பழக்கம். இந்த வண்டியில் அது இரட்டை நஷ்டம். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சக்கரம் என்ஜினைச் சுற்ற, என்ஜின் ஐ.எஸ்.ஜி.யைச் சுற்ற, பேட்டரி சார்ஜ் ஆகும். நியூட்ரலில் போட்டாலோ கிளட்சை மிதித்தாலோ சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. என்ஜின் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும், பேட்டரிக்கு ஒன்றும் வராது. ஆகவே சீக்கிரமாகக் காலை எடுங்கள், கியரிலேயே விடுங்கள், வண்டி திணறப் போகிற வேகத்துக்கு வந்த பிறகு கிளட்சைத் தொடுங்கள்.

இனி பேட்டரிக் கடைக்காரர்களுக்கு.

சாதாரண பேட்டரிக்கு எப்போதும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். இந்த வண்டி அதை வேண்டுமென்றே முக்கால் வயிற்றில் வைத்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? முழுதாக நிறைந்த பேட்டரி எதையும் வாங்காது. இப்படி அரைகுறை சார்ஜிலேயே நாள் முழுதும் ஏறி இறங்கினால் சாதாரண பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும், ஆசிட் அடியில் கனமாகவும் மேலே நீர்த்தும் பிரிந்து நிற்கும். சில மாதத்தில் சார்ஜ் வாங்கும் வேகம் குறைந்துவிடும். செல்ஃப் எடுக்கும், விளக்கு எரியும், அதனால் பேட்டரி நன்றாக இருப்பதாகவே தோன்றும். வண்டியின் கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுபிடித்து, சிக்னலில் என்ஜினை அணைக்காமல் விட்டுவிடும். அதைச் சொல்லும் ஆரஞ்சு விளக்கை ஓட்டுநர் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுவார்.

இதற்கென்றே செய்த ஈ.எஃப்.பி. வகை பேட்டரியில் தகட்டின் மேல் பாலியெஸ்டர் வலை போர்த்தி, பசையில் கார்பன் சேர்த்திருப்பார்கள். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்த ஏ.ஜி.எம். வகை இன்னும் ஒரு படி மேல். ஜப்பானிய முறையில் லேபிள் இடும் பேட்டரிகளில் எம்-42, என்-55, கியூ-85 என்று ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் அது ஐடில் ஸ்டாப் வண்டிக்கானது, அதாவது சிக்னலில் என்ஜின் தானாக அணையும் வண்டிக்கானது. கடைசியில் ஆர் இருந்தால் டெர்மினல் பக்கம் மாறியது. வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியில் இந்த எழுத்து இருந்து, நீங்கள் மாட்டப் போவதில் இல்லையென்றால் கை அங்கேயே நிற்கட்டும். "ஆம்பியர் ஹவர் ஒண்ணுதானே" என்பது பதில் ஆகாது. அளவு ஒன்று, குணம் வேறு.

மாட்டும் முறையிலும் தப்பு நடக்கிறது. நெகடிவ் டெர்மினல் கிளாம்போடு ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். அது கரண்ட் சென்சார், பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் எண்ணும் கணக்குப்பிள்ளை. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குகளின் எர்த் ஒயரை பேட்டரிக் கம்பத்திலேயே கட்டினால் அந்த மின்சாரம் சென்சாருக்குள் போகாமல் புறவழியில் போகிறது. கம்ப்யூட்டர் பேட்டரி 80 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் 60-க்கு இறங்கியிருக்கும். எர்த் எப்போதும் பாடியிலோ என்ஜின் பிளாக்கிலோ தர வேண்டும். வெளிச் சார்ஜர், ஜம்ப் கேபிள் இரண்டுக்கும் கறுப்புக் கிளிப் பாடியில்தான்.

மாற்றும்போது இக்னிஷனை அணைத்து, கதவை மூடி, கம்ப்யூட்டர்கள் உறங்கச் சில நிமிடம் கொடுங்கள். நெகடிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். இரட்டை பேட்டரி வண்டியில் லெட் பேட்டரியைக் கழற்றிவிட்டதால் வண்டியில் மின்சாரமே இல்லை என்று எண்ணி ஸ்பானரைப் போடக்கூடாது. முன் இருக்கைக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். புது பேட்டரி போட்டதும் சில வண்டிகளில் ஸ்கேனரில் பதிய வேண்டும். மற்றவற்றில் ஓர் இரவு அசையாமல் நின்றால் சென்சார் தானாகக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். முதல் நாள் சிக்னலில் அணையவில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால், காரணத்தைச் சொல்லி மறுநாள் வரச் சொல்லுங்கள். வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

பட்டறைக்காரர்களிடம் பேச வேண்டியது இன்னும் அதிகம். ஏனென்றால் விலை உயர்ந்த பிழை அங்கேதான் நடக்கிறது.

என்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைக்கிறோம். 12.6 அல்லது 12.8 காட்டுகிறது. "14 வரல, ஆல்டர்னேட்டர் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்த வண்டியில் அது நோய் இல்லை. பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்கும்போது ஐ.எஸ்.ஜி. வேண்டுமென்றே சார்ஜ் செய்யாமல் சும்மா சுற்றும். பெட்ரோல் மிச்சமாவதே அப்போதுதான். உண்மை தெரிய, மீட்டரை வைத்தபடியே ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் போடுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் மீட்டரைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போய் வாருங்கள். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வோல்ட் 14-ஐத் தாண்டி ஏறினால் ஐ.எஸ்.ஜி. நலமாக இருக்கிறது. நின்ற இடத்தில் எடுத்த ஒரே ஒரு அளவை நம்பி, விலை அதிகமான அந்தப் பொருளை மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

காதால் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. சுசுகி ஏற்பாட்டில் காலையில் சாவி போட்டு எடுக்கும்போது பழைய பல்சக்கர செல்ஃப் மோட்டார்தான் வேலை செய்யும், அந்தக் "கிர்ர்" சத்தம் வரும். சிக்னலில் அணைந்து மறுபடி எடுக்கும்போது ஐ.எஸ்.ஜி. பெல்ட்டால் சுற்றும், சத்தமே கேட்காது. மறுபடி எடுப்பதிலும் "கிர்ர்" கேட்டால் ஐ.எஸ்.ஜி. பக்கம் பாருங்கள். கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. சாதாரண ஆல்டர்னேட்டர் பெல்ட் ஒரு பக்கம்தான் இழுபடும். இதில் சார்ஜ் செய்யும்போது ஒரு பக்கம், ஸ்டார்ட் செய்யும்போது மறுபக்கம். அதற்கென்று பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெல்ட்டும் வேறு. நீளம் ஒத்துப்போகிறது என்று பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதை மாட்டினால் மழை பெய்த முதல் நாளே கத்த ஆரம்பித்துவிடும்.

சிக்னலில் அணைவதே இல்லை என்று வருகிற வண்டிக்கு ஸ்கேனரை எடுக்கும் முன் சில்லறைச் சமாச்சாரங்களைப் பாருங்கள். சீட் பெல்ட் மாட்டவில்லை, ஓட்டுநர் கதவு சரியாகச் சாத்தவில்லை, என்ஜின் இன்னும் சூடாகவில்லை, கிளட்சில் கால் இருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அணையாது. பானட் லாக்கில் சுவிட்ச் உள்ள வண்டிகளில் அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், பானட் திறந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும்.

துரு என்றதும் நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துக் காற்றும் பாண்டி கடற்கரைக் காற்றும் மனிதருக்கு இதம், எர்த் போல்ட்டுக்கு விஷம். ஐ.எஸ்.ஜி. வேலை செய்யும்போது 12 வோல்ட் வண்டியில் 150 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடும். எர்த் இணைப்பில் துருவினால் வெறும் 10 மில்லி ஓம் தடை கூடினாலும் ஒன்றரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மீட்டரின் ஓம் வரிசையில் இது தெரியாது. வேலை செய்யும்போதுதான் பிடிபடும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஐ.எஸ்.ஜி. மறுபடி ஸ்டார்ட் செய்யும் கணத்தைப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பாசிடிவ் பக்கமும் இப்படியே, அங்கே அரை வோல்ட் வரை பரவாயில்லை. இந்த ஊரில் மழைக்காலத்துக்கு முன்னொரு தடவை, பின்னொரு தடவை இதைச் செய்தால் போதும். வாட்டர் சர்வீஸ்காரர்கள் ஐ.எஸ்.ஜி.யின் கனெக்டரில் பிரஷர் தண்ணீரை நேராக அடிக்காமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

வெள்ளம் இன்னொரு பக்கம். 2015 வெள்ளத்தைக் கடலூர் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரை மீறிக் கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. இருக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி இருக்கும் வண்டிக்குக் கால் விரிப்பு மூழ்குமளவு தண்ணீர் வந்தாலே அது பேட்டரியைத் தொடும் தூரம்தான். அப்படி நின்ற வண்டியில் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள், சாவியும் போடாதீர்கள். பானட்டுக்குள் நெகடிவைக் கழற்றுங்கள். வண்டியைக் கொட்டகைக்குள் மற்ற வண்டிகளோடு நிறுத்தாமல் திறந்த இடத்தில் தள்ளி நிறுத்துங்கள். லித்தியம் பேக்கை யாரும் பிரிக்க வேண்டாம், வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டவும் வேண்டாம். உள்ளே போன தண்ணீரால் சர்க்யூட் பலகையில் பச்சை பூத்து, நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பேக்கை முறையான சர்வீஸ் வழியாக மட்டும் மாற்றுங்கள். சந்தையில் கிடைக்கும் 12 வோல்ட் லித்தியம் பேக் எதுவானாலும் சரி என்பதும் தவறு. செல்லின் வகை, எண்ணிக்கை, அதைக் காக்கும் பலகை மூன்றும் வண்டியின் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

48 வோல்ட் வண்டிகள் பற்றிச் சுருக்கமாக. 2019-இல் வந்த எம்.ஜி. ஹெக்டர் ஹைப்ரிட் இந்த வகை. 10 கிலோவாட்டை 12 வோல்ட்டில் தர 830 ஆம்பியர் வேண்டும். 48-இல் 210 போதும். கேபிள் சூடாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். 60 வோல்ட்டுக்குக் கீழே என்பதால் ஷாக் பயம் குறைவு, ஆனால் ஓட்டத்தில் இருக்கும் 48 வோல்ட் இணைப்பைப் பிடுங்கினால் எழும் தீப்பொறி 12 வோல்ட் போலச் சட்டென்று அணையாது, இழுத்துக்கொண்டு எரியும். மோதிரம், கைச்செயின் கழற்றி வையுங்கள். அந்தப் பேட்டரிக்கு 12 வோல்ட் சார்ஜர் மாட்டுவதோ, பாதி செல்லிலிருந்து ஹாரனுக்கு லைன் எடுப்பதோ கூடாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது சின்ன காரியம். பேட்டரிக் கடைக்காரர்கள் பில்லில் பெயரோடு ஈ.எஃப்.பி.யா, ஏ.ஜி.எம்.மா, சாதாரணமா என்று ஒரு சொல் எழுதித் தரட்டும். பட்டறைக்காரர்கள் ஐ.எஸ்.ஜி. மாற்றச் சொல்லும்போது, ஆக்சிலரேட்டரை விட்ட நேரத்து வோல்ட், எர்த் பக்கத்து இழப்பு இரண்டையும் எஸ்டிமேட் தாளில் குறித்துக் கொடுக்கட்டும். ஓட்டுநர்களே, அந்த இரண்டு எண்ணும் இல்லாத எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கடலூர் – புதுச்சேரி சாலையோரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சிலர்